விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

உங்கள் கண் பரிசோதனைப் படிப்பின் பாடத்திட்டத்தை ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முதலில் அறிவியல், ஒளி, கணக்கு. அப்புறம் கண், கண்ணின் நோய்கள், மருத்துவமனை. இரண்டையும் சேர்த்து ஒரே படிப்பாகக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இறங்கிக்கொள்ள வழியில்லை. அதுதான் அவளுக்குக் குறை.

"கண்ணாடி எழுதிக் கொடுக்கத்தானே ஐயா போறோம்? கண்ணுக்குள்ள தண்ணி எந்த வழியா வடியுதுன்னு எல்லாம் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. அவள் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பதிலை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதுவதும் எளிதாக இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இது உங்கள் எல்லோருக்கும்தான்.

நான் நடுவில் இறங்கியவன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்தது. முடிந்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது, ஓடிப்போனேன். அரக்கோணத்தில் ஓட்டலில் தட்டு கழுவினேன். டூரிங் சினிமாக்காரர்களோடு பெட்டி சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனேன். ரயில் எங்கே நிற்கிறதோ அங்கே தூங்கினேன். பசி இருந்தது, அப்போது எல்லோருக்கும்தான் இருந்தது. ஒரே தெருவில் இரண்டு மழைக்காலம் கழிந்தால் என் கால் தானாகக் கிளம்பிவிடும்.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பட்டணத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வேலைக்கு எடுத்தார். முதலாளி என்றே அழைப்போம், அவரும் அதையே விரும்பினார். அவர் கடையில் வேலை பழகுவதற்கு இரண்டு பாதி உண்டு. முதல் பாதி கண்ணாடி: தேய்ப்பது, பவர் பார்ப்பது, சோதனைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்வையைக் கணிப்பது. இரண்டாம் பாதி கண்: காலை நேரங்களில் கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்குப் பின்னால் நின்று, அவர் பார்ப்பதையெல்லாம் பார்ப்பது. மற்ற கடைகளில் முதல் பாதிதான். இவர் இரண்டும் முடிந்தால்தான் சோதனைக் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவிடுவார்.

முதல் பாதியில் நான் கெட்டிக்காரன். இரண்டாவது தொடங்கும் நேரத்தில் கால் கிளம்பிவிட்டது. சண்டை எதுவும் இல்லை. விடைபெறப் போனபோது முதலாளி கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"பாதிய எடுத்துக்கிட்டுப் போற. எந்தப் பாதின்னு ஞாபகம் வச்சுக்க" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே படி இறங்கினேன்.

அப்போது யுத்தம் ஆரம்பித்திருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கென்று கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்தன. குமாஸ்தா, தையல்காரர், மேஸ்திரி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளெழுத்து விழுந்தவர்கள் அவர்களில் நிறைய. அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்தேன். சைக்கிள் கேரியரில் சோதனைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆவடிக்கும் பூந்தமல்லிச் சந்தைக்கும் போய்வருவேன். மூர் மார்க்கெட்டில் பழைய கறுப்புக் கோட்டு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் ஜனங்கள் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் சொல்லச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கிட்டத்துப் பார்வையைச் சோதிக்க ஊசியும் நூலும் வைத்திருந்தேன். சரியான கண்ணாடி மூக்கில் ஏறியதும் நூல் ஊசிக்குள் நுழைந்துவிடும். உடனே அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு என்னைக் கெடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும் என்று அது நம்பவைத்தது.

அப்படி நூல் கோத்துச் சிரித்தவர்களில் ஒருவர் கன்னியப்பன். கள்ளிக்குப்பத்துக்காரர். ரயில்வேயில் விளக்குக்காரர். அந்த வேலை இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒவ்வொரு சிக்னல் கம்பத்திலும் ஏறி, மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, சிவப்புக்கும் பச்சைக்கும் பின்னால் வைத்துவிட்டு இறங்க வேண்டும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பண்ணையாருக்குக் கழனி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கழனியை விட்டு வெளியே வந்து காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் அவர்தான். அந்தச் சட்டையை அவர் மனைவி அஞ்சலை கஞ்சி போட்டு, விறைப்பாக, பலகை மாதிரி ஆக்கித் தருவாள்.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கண்ணாடி போதவில்லை என்றார். பவரைக் கூட்டிக் கொடுத்தேன். மறுபடி வந்தார். மறுபடி கூட்டினேன். வயது ஏறுகிறது, பவரும் ஏறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு சீக்கிரம் ஏறாது என்பது முதல் பாதி படித்தவனுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது வேறு ஒன்றும் சொன்னார்.

"டாக்டரே, பொழுது சாஞ்சி வெளக்கு ஏத்துனா, அத்த சுத்தி ஒரு வளையம் கீது. வானவில்லு மாதிரி, கலரு கலரா."

"எந்த விளக்குல?"

"அல்லா வெளக்குலயும்தான். சிக்னல்ல கீது, ஊட்ல கீற சிம்னியிலயும் கீது. நானும் தொடைச்சித் தொடைச்சிப் பாக்கறேன், போவல. ஸ்டேசன் மாஸ்டரு கேக்கறாரு, இன்னாடா கன்னியப்பா, வெளக்க ஏத்தச் சொன்னா அத்த குளிப்பாட்டிகினு கீறேன்னு."

அஞ்சலையும் கூட வந்திருந்தாள். "ஆமா நைனா. இந்த ஆளு தொடைக்கிற தொடையில சிம்னி தேஞ்சே பூடும். பொண்டாட்டி மூஞ்ச ஒரு நாளு இப்டித் தொடைச்சிருப்பாரா?"

"உன் மூஞ்ச தொடைச்சா எனக்கு சம்பளமா குடுக்கறாங்கோ?" என்றார் கன்னியப்பன்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். தேய்ப்புப் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய கண்ணாடியில் வானவில் வருவதைப் பலமுறை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தது கண்ணாடி. அதனால் கண்ணாடியில்தான் குற்றத்தைத் தேடினேன். "சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க, ஈரம் போனதும் இதுல துடைங்க" என்று, சோதனைக் கண்ணாடி துடைக்க நான் வைத்திருந்த மெத்தென்ற மஞ்சள் துணியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். பவரையும் இன்னொரு படி கூட்டினேன். அந்தத் துணியை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு இடுப்பில் செருகினார்.

அவர் விளக்கைத் துடைத்தார். நான் அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். இருவருக்கும் நடுவில் அவருடைய கண் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. அஞ்சலை புருஷனைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கூட்டிவந்தாள். இடது கண் சிவந்து, நீர் கொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் முதல் தலைவலி, வாந்தி. நாட்டு மருந்துக்காரர் பித்தம் என்று சொல்லிக் கஷாயம் கொடுத்திருந்தார். அதுவும் வாந்தியாகிவிட்டது.

"நாளன்னிக்கு ரயில்வே டாக்டரு கண்ணு டெஸ்டு வெச்சிகீறாரு டாக்டரே" என்றார் கன்னியப்பன். "இந்தக் கண்ணோட போனா கழிச்சி உட்ருவாங்கோ. நீ அந்த மருந்த ஊத்து. கண்ணு விரியுமாமே, வாத்தியாருக்கு ஊத்துனியாமே, அத்த ஊத்து."

என்னிடம் அப்படி ஒரு சொட்டு மருந்து இருந்தது உண்மை. கருமணியை விரிக்கிற மருந்து. ஒரு கம்பவுண்டரிடம் வாங்கி வைத்திருந்தேன். அதைப் போட்டால் பார்ப்பவர்களுக்கு மரியாதை கூடும் என்பதற்காகவே சிலருக்குப் போட்டிருக்கிறேன். வேறு காரணம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அறையில் கண்ணாடிக்காகக் காத்திருந்த சிலர் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஜட்காக்காரன் வாசற்படியில் நின்று, "ஊத்துங்க டாக்டரே, குதிர காத்துகினு கீது" என்றான்.

சொட்டுக்குழாயில் மருந்தை ஏற்றினேன். வழக்கமாக இமையை அவர்களே இழுத்துப் பிடிக்கச் சொல்லி, தள்ளி நின்று மருந்தைச் சொட்டவிடுவேன். கன்னியப்பனுக்கு அன்று வலியில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. நானே திறந்துவிடலாம் என்று இடது கை விரல்களை மூடிய இமைமேல் வைத்தேன்.

அத்தனை நாளில் என் விரல் ஒரு கண்மேல் பட்டது அதுதான் முதல் தடவை.

கல் மாதிரி இருந்தது. இமைக்கு அடியில் ஒரு கூழாங்கல்லைப் புதைத்துவைத்தாற்போல. கண் இப்படித்தான் இருக்குமா, இப்படி இருக்கக்கூடாதா? எனக்குத் தெரியவில்லை. அவருடைய வலது கண்ணை மூடச் சொல்லித் தொட்டேன். அதிலும் இறுக்கம் இருந்தது, ஆனால் இந்த அளவு இல்லை. பிறகு என் கண்ணையே மூடி, என் விரலால் அழுத்திப் பார்த்தேன். பழுத்த திராட்சை மாதிரி அமுங்கியது.

"இன்னா டாக்டரே, ஒனக்கும் கண்ணு வலியா?" என்றான் ஜட்காக்காரன். நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு கையில் மருந்து, மறு கை என் கண்மேல். அப்படியே நின்றேன். அது என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. மருந்து நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்றும் தெரியாது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கோளாறு கண்ணாடியில் இல்லை. கண்ணாடியைத் தாண்டினால் எனக்கு ஒன்றுமே தெரியாது.

குழாயிலிருந்த மருந்தைத் தரையில் பீய்ச்சினேன்.

"அண்ணே, இது எனக்குத் தெரியாது."

"இன்னா தெரியாது?" என்றாள் அஞ்சலை.

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா. கண்ணாடிதான் தெரியும். நான் டாக்டர் இல்ல. உடனே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. அஞ்சலை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"டாக்டரு இல்லன்னா, இந்தக் கோட்டு யாருதுய்யா?"

இன்றுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அது இரண்டாவது பெரிய கேள்வி. முதலாவது கடைசியில் வருகிறது.

கன்னியப்பன் நான் சொன்னதை நம்பவே இல்லை. "அத்த உடு டாக்டரே" என்றார், கண்ணை மூடியபடியே. "ஆஸ்பத்திரிக்குப் போனா ரயில்வேக்குத் தெரிஞ்சி பூடும். வேல பூடும். திரும்பி ஆண்டை கழனிக்கு போவச் சொல்றியா? காக்கிச் சட்ட போட்டுகினு எதிர்ல போனவன், கோமணத்தோட போயி அவரு எதிர்ல நிக்கணுமா? ஊத்து. எது ஆனாலும் ஆவட்டும். ரெண்டு நாளு தாங்குனா போதும்."

ஊற்றிவிடலாம் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. அவரே கேட்கிறார். சுற்றி நிற்பவர்களும் அதையே எதிர்பார்க்கிறார்கள். ஊற்றினால் நான் டாக்டராகவே இருந்துவிடலாம். பாட்டில் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அஞ்சலை பார்த்துவிட்டாள்.

அவள்தான் முடிவு செய்தாள். "வேல பூட்டா பூட்டுப் போவுது. கண்ணு இருந்தாத்தான்யா கழனிக்கே போவ முடியும். எந்திரி." என் பக்கம் திரும்பினாள். "நீயும் வா. டாக்டரோ இல்லியோ, இன்னான்னு கேட்டா பதில் சொல்ல ஆளு ஓணும்."

அடுத்த ரயிலில் போனோம். கன்னியப்பன் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவர் ஏறி இறங்கிய சிக்னல் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. மூடிய இமைமேல் இரண்டு விரல்களை வைத்து மாற்றி மாற்றி மெல்ல அழுத்தினார். உடனே நர்ஸிடம் ஏதோ சொல்லி, கருமணியைச் சுருக்குகிற மருந்தைப் போடச் செய்தார். பிறகு என் கோட்டைப் பார்த்தார்.

"நீங்க?"

"கண்ணாடி போட்டுக் கொடுக்கறவன் சார்."

"எத்தனை தடவை மாத்திக் கொடுத்தீங்க?"

"மூணு தடவை."

"விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

அஞ்சலை புருஷனின் இடுப்பிலிருந்து அந்த மஞ்சள் துணியை உருவி நீட்டினாள். மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். "இத்தக் குடுத்து வெளக்குக் கண்ணாடியத் தொடைக்கச் சொன்னாருங்க."

நர்ஸ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் துணியை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அப்புறம் அதை என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சொட்டு மருந்து ஏதாவது விட்டீங்களா?"

"கையில எடுத்தேன் சார். விடல."

"விட்டிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்" என்றார். பிறகு, என்னையும் பொருட்டாக மதித்து, நின்றபடியே விளக்கினார். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிய ஒரு வழி இருக்கிறது. அது அடைபட்டால் கண் இறுகுகிறது. இறுகிய கண்ணின் முன்புறம் நீர் கோத்துக்கொண்டு விளக்கைச் சுற்றி வளையம் காட்டுகிறது. கருமணி விரிந்தால் அந்த வழி இன்னும் அடைபடும். மாதக்கணக்காக அந்தக் கண் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். என்னிடம்தான் வந்து சொன்னது.

மாணவி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அறுவை செய்து வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண்ணுக்கு வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிந்தது. ரயில்வே அவரைக் கம்பம் ஏறும் வேலையிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதே அம்பத்தூர் ஸ்டேஷனில் பிளாட்பாரம் கூட்டி, ரயில் வரும்போது மணி அடிக்கிற வேலையில் போட்டது. சம்பளம் குறைவு. காக்கிச் சட்டை மிஞ்சியது.

நான் அறையைக் காலி செய்துகொண்டு பட்டணத்துக்கே போய்விட்டேன். வாழ்நாள் முழுக்கச் சுற்றியவன்தான். ஆனால் ஓர் ஊரிலிருந்து தப்பித்துப் போனது அதுதான் முதல் தடவை. ஆவடியில் இன்னும் சிலருக்குக் கண்ணாடி கொடுக்க வேண்டியிருந்தது. பட்டணத்திலிருந்து ரயிலில் போனால் அம்பத்தூரைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? வண்டி நின்றதும் பிளாட்பாரத்திலிருந்து குரல் வரும்.

"டாக்டரே! டாக்டரே, எறங்கலியா?"

கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். மனசார, சந்தோஷமாகக் கூப்பிடுவார். பக்கத்தில் நிற்பவர்களிடம், "என் கண்ண காப்பாத்துன ஆளு, அதோ கோட்டு போட்டுகினு" என்று காட்டுவார். நான் கோட்டுப் போட்டிருக்க மாட்டேன். அவருக்கு ஒரு கண். தூரத்தில் அவ்வளவு தெரியாது. கொஞ்ச நாளில் பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்கார ஆரம்பித்தேன். அம்பத்தூர் வந்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்வேன். சரிசெய்ய அந்தச் செருப்பில் ஒன்றும் இல்லை.

அது தாங்காமல்தான் முதலாளியிடம் போனேன். படிக்க ஆசை வந்து போகவில்லை.

"இரண்டாம் பாதிக்கு இடம் இருக்குங்களா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "காலைல சீக்கிரம் வரணும்" என்றார்.

என்னைவிட மிகவும் சின்னவர்களோடு சேர்ந்து, கன்னியப்பனைப் பார்த்த அதே டாக்டருக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பழையதை ஒருநாளும் எடுக்கவில்லை. ஆனால் எந்த நோயாளியாவது விளக்கைச் சுற்றி வளையம் என்று சொன்னால், அவர் விலகி நின்று எனக்கு வழி விடுவார். எல்லோருக்கும் முன்னால் நான் போய் இமைமேல் விரல் வைப்பேன். ஒவ்வொரு முறையும் என் விரலுக்கு அடியில் இருந்தது கன்னியப்பனின் கண்தான். ஓடிப்போகத் தோன்றிய நாட்கள் நிறைய. அந்த இரண்டாம் பாதி முடியும்வரை என் கால் கிளம்பவில்லை.

முடித்த பிறகு ஒருநாள் அம்பத்தூரில் இறங்கினேன். வேண்டுமென்றே, பிளாட்பாரப் பக்கமாக. கன்னியப்பன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். மூக்கில் நான் கடைசியாகக் கொடுத்த கண்ணாடி. ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார்.

"டாக்டரே! எங்க நைனா பூட்டே? அஞ்சல உன்ன கேட்டுகினே கீறா."

"அண்ணே, உங்ககிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நான் படிச்சு முடிச்சுட்டேன்."

"இன்னா படிப்பு?"

"கண்ணுப் படிப்பு. கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு படிச்சேன். உங்களுக்கு வந்தது என்னன்னு இப்ப எனக்குத் தெரியும்."

அவருக்கு அது புரிய நேரமாயிற்று. நல்ல கண்ணால் என்னை உற்றுப் பார்த்தார்.

"இப்பத்தான் படிச்சி முடிச்சியா?"

"ஆமாண்ணே."

"அப்ப, அன்னிக்கி என் கண்ணப் பாத்தது யாரு?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அதற்குள் வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து வண்டி கிளம்பிய தகவல் வந்து, ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார். "த வரேன், நில்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மணியடிக்கப் போனார்.

அவர் அடித்து முடிக்கும்வரை நின்றிருந்தேன். வண்டி வந்ததும் ஏறிவிட்டேன்.